ஊவாவில் மக்டொனால்டுகள்

ஊவா மாகாணத்தின் பழைய ஆங்கில வரைபடம் ஒன்றை விரித்து நோக்குவோமாயின், பதுளை, வெலிமடை, பரணகம, அப்புத்தளை, கொஸ்லந்த என்னும் நாட்டுப் பெயர்களின் நடுவே அந்நியமான ஒரு பெயர் நம் கண்ணை உறுத்தும். 'போர்ட் மக்டொனால்ட்' என்பது அது. பரணகமப் பகுதியில் ஒரு கோட்டைக்கு இட்ட பெயர். பின்னர் அப்பெயரை அங்குள்ள பள்ளத்தாக்கிற்கும் ஆற்றிற்கும் சேர்த்தே வழங்கினர். கோட்டைகள் இடிந்து போகும். பெயர்கள் எளிதில் இடிவதில்லை. யார் இந்த மக்டொனால்ட்? ஸ்கொத்லாந்தின் மலைநாட்டுக் குலப்பெயர் ஒன்று ஊவா மலைகளுக்கு வந்து சேர்ந்தது எவ்வாறு? இக்கேள்வியைப் பற்றிக்கொண்டு சென்றால் ஒரு மக்டொனால்டை அல்ல, பல மக்டொனால்டுகளை நாம் சந்திக்கிறோம். அவர்கள் ஒவ்வொருவரும் நம் தோட்டத் தொழிலாளரின் தலைவிதியில் ஏதேனும் ஒரு வகையில் கை வைத்தவர்களாகவோ, அல்லது அவ்விதியை விளங்கிக்கொள்ள நமக்கு உதவுபவர்களாகவோ இருக்கின்றனர்.

பெயரைப் பற்றி ஒரு சொல். 'மக்' என்பது கெயிலிக் மொழியில் மகனைக் குறிக்கும். 'டோனல்' என்பவனின் மகன் மக்டொனால்ட். (மக் என்றதும் நம் 'மகன்' என்ற சொல்லை நினைத்து, கெயிலிக்கும் தமிழில் பிறந்ததே என்று முழங்கப் புறப்படும் நண்பர்கள் சற்றுப் பொறுக்க வேண்டும். ஒலியொற்றுமை ஒன்றே உறவுக்குச் சான்றாகாது.) ஸ்கொத்லாந்தின் மேற்குத் தீவுகளை ஆண்ட தலைவர்களின் பெயர் இது. ஆனால் அப்பெயரைத் தாங்கியவரெல்லாம் அத்தலைவர்களின் இரத்த வழியினர் அல்லர். நிலத்தை உழுதவனும் மாடு மேய்த்தவனும் தலைவனின் பெயரையே தன் பெயராகச் சூடிக்கொண்டான். தலைவன் தன்னைக் காப்பான், தலைவனுக்காகத் தான் போர் புரிவான் என்னும் பழைய உடன்பாட்டின் அடையாளம் அது. அந்த உடன்பாடு என்ன ஆயிற்று என்பதைப் பின்னர்க் காண்போம்.

1815 இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமாயிற்று. இரண்டே ஆண்டுகளில், 1817 இல், ஊவாவிலும் வெல்லஸ்ஸவிலும் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். அவர்களை அடக்க அனுப்பப்பட்ட கெப்பெட்டிப்பொல திசாவை, அடக்குவதற்குப் பதிலாக அவர்கள் பக்கமே சேர்ந்து தலைமை தாங்கினார். 1818 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பரணகமவில் சிறு படையொன்றுடன் தங்கியிருந்த மேஜர் மக்டொனால்டை அவருடைய ஆட்கள் சூழ்ந்து தாக்கினர். மக்டொனால்ட் தாக்குப்பிடித்தார். கோட்டைக்குப் பெயரும் கிடைத்தது. ஆங்கில நூல்கள் இதை வீரக் கதையாகச் சொல்லும். அந்த வீரத்தைத் தொடர்ந்து நடந்தவற்றையும் நாம் கேட்க வேண்டாமா? வீடுகள் எரிக்கப்பட்டன. பயிர்கள் அழிக்கப்பட்டன. கால்நடைகள் கொல்லப்பட்டன. பட்டினியும் நோயும் பின்தொடர்ந்தன. 1818 நவம்பரில் கெப்பெட்டிப்பொல கண்டியில் தலை வெட்டப்பட்டார். அவரையும் அவருடைய தோழர்களையும் துரோகிகள் என்று அறிவித்த பிரகடனத்தை இலங்கை அரசாங்கம் ரத்துச் செய்தது 2016 இல்தான்.

ஆளற்றுப் போன நிலத்தைத் 'தரிசு' என்று சொல்வது எளிது. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அதைத்தான் செய்தது. காடும், தரிசும், பயிரிடப்படாத நிலமும், வேறுவிதமாக நிரூபிக்கப்படும்வரை முடிக்கே சொந்தம் என்றது அச்சட்டம். சேனைப் பயிர் செய்த கண்டிச் சிங்களக் குடியானவன் நிரூபிக்க எந்தப் பத்திரத்தைக் காட்டுவான்? ஏக்கர் ஐந்து சிலிங் விலையில் நிலம் விற்பனையாகியிருந்த காலம் அது. வாங்கியோரின் பட்டியலில் அரசாங்க உத்தியோகத்தரின் பெயர்கள் வரிசையாக நிற்கின்றன. சட்டம் பிறந்தபோது ஆளுநராயிருந்த ஸ்டூவர்ட் மக்கன்சியும் ஒரு 'மக்'தான். அப்பெயர் அவருக்கு மனைவி வழி வந்தது; லூயிஸ் தீவும் அவ்வழியே வந்தது. அத்தீவில் அவர் காலத்தில் செம்மறி ஆடுகளுக்கு இடம் விட்டுக் குடியானவர்கள் வெளியேற்றப்பட்டனர். இங்கே கோப்பிக்கு இடம் விட்டார்கள்.

இவ்விடத்தில் ஸ்கொத்லாந்துக்குச் சற்றுப் பயணம் செய்வது அவசியமாகிறது. நம் தோட்டப் பகுதிகளில் 'துரை' என்றால் வெள்ளைக்காரன். வெள்ளைக்காரரெல்லாம் ஒரே இனம், ஒரே குணம், ஒரே செல்வம் என்றே நெடுநாள் எண்ணிவிட்டோம். அங்கே நடந்ததைப் பாருங்கள். ஸ்கை தீவிலும் வட யூயிஸ்ட் தீவிலும் பரந்த நிலம் மக்டொனால்ட் பிரபுவுக்குச் சொந்தமாயிருந்தது. பிரபுவுக்குக் கடன் மிகுந்தது. ஆட்டுப் பண்ணையாளர் கொடுக்கும் குத்தகை, குடியானவர் கொடுக்கும் வாரத்தைவிட அதிகம். கணக்கு எளிமையானது. 1849 இல் வட யூயிஸ்டின் சோலஸ் கிராமத்துக் குடிகளை வெளியேற்றப் பொலிஸ் படை வந்தது. பெண்கள் கல்லெடுத்து எதிர்த்தனர். 1853 இல் ஸ்கை தீவின் பொரரெயிக், சுவிஷ்னிஷ் ஆகிய ஊர்கள் காலி செய்யப்பட்டன. வெளியேற்றியது மக்டொனால்டின் பண்ணை நிருவாகம். வெளியேறியவருள்ளும் அதே பெயரினர் இருந்தனர். தலைவனின் பெயரைத் தன் பெயராகச் சூடியவனுக்கு அந்தப் பெயர் ஒரு கூரையைக்கூடக் காத்துக் கொடுக்கவில்லை. குலமும் கோத்திரமும் ஒற்றுமைக்கு ஆதாரம் என்று நம்மிடையே பேசுவோர் இவ்வரலாற்றை ஒரு முறை படிப்பது நல்லது.

ஆனால் கதை அத்துடன் நிற்கவில்லை. 1882 ஏப்ரலில் அதே பிரபுவின் பிறேஸ் கிராமத்தில், மேய்ச்சல் நிலத்தைத் திருப்பிக் கேட்டு வாரம் கொடுக்க மறுத்த குடியானவர்களைக் கைது செய்யக் கிளாஸ்கோவிலிருந்து பொலிசார் வந்தனர். ஆணும் பெண்ணும் கல்லாலும் தடியாலும் மோதினர். கைதான ஐவருள் ஒருவரின் பெயர் பீற்றர் மக்டொனால்ட். நாடே அதிர்ந்தது. அடுத்த ஆண்டு விசாரணைக் குழு அமைந்தது. அதற்குத் தலைவராக வந்த நேப்பியர் பிரபு நமக்குப் புதியவரல்லர். 1866 முதல் 1872 வரை சென்னை மாகாணத்தின் ஆளுநராயிருந்தவர். எந்த மாவட்டங்களிலிருந்து நம் பாட்டன்மார் கங்காணியின் பின்னே இலங்கைக்கு நடந்தார்களோ, அந்த மாவட்டங்களையெல்லாம் ஆண்டவர். குழுவின் அறிக்கையையும் குடியானவர் போராட்டத்தையும் தொடர்ந்து 1886 இல் குடியானவர் நிலச் சட்டம் பிறந்தது. நியாயமான வாரம், வெளியேற்ற முடியாத உரிமை, அவ்வுரிமை பிள்ளைகளுக்குச் சேரும் உறுதி ஆகியவற்றை அது வழங்கியது. நிலமே இல்லாதவனுக்கு அது நிலம் தரவில்லை என்பது உண்மை. எனினும் இருந்தவனை அசைக்க முடியாமற் செய்தது.

அதே 1886 இல்தான் ஊவா தனி மாகாணமாயிற்று. அப்பொழுது ஊவாத் தோட்டத்தில் தமிழ்த் தொழிலாளியின் நிலை என்ன? ஒப்பந்தத்தை மீறி வேலையை விட்டால் 1865 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டப்படி சிறை. கங்காணியிடம் பட்ட கடனைக் குறித்த 'துண்டு' இல்லாமல் அடுத்த தோட்டத்தில் காலெடுத்து வைக்க முடியாது. அந்தத் துண்டு முறை ஒழிந்தது 1921 இல். குடியிருந்த லயம் தோட்டத்துடையது. வேலை போனால் கூரையும் போகும். கோப்பி இலைநோயால் அழிந்து தேயிலை வந்தது. இரும்புப் பாதை 1893 இல் அப்புத்தளையையும் 1924 இல் பதுளையையும் எட்டியது. கிளெனனோர் என்றும் கிளென் அல்பின் என்றும் தோட்டங்களுக்குப் பெயரிட்டார்கள். 'கிளென்' என்றால் கெயிலிக்கில் பள்ளத்தாக்கு. மனிதர் விரட்டப்பட்ட பள்ளத்தாக்குகளின் மொழி, மனிதர் கட்டிப்போடப்பட்ட பள்ளத்தாக்குகளுக்குப் பெயராயிற்று. தொழிலாளரோ அப்பெயர்களை நாவில் ஏற்றுக்கொள்ளாமல் பல தோட்டங்களுக்குத் தாமே தமிழ்ப் பெயர் வைத்து அழைத்தனர். இதுவும் ஒரு வகை எதிர்ப்பென்றே நாம் கருதுகிறோம்.

இப்பெயருடைய புகழ்பெற்றோர் பலர். கனடாவின் முதற் பிரதமரும் ஒரு மக்டொனால்ட். அவரால் ஊவாவுக்கு ஆவதொன்றுமில்லை, விட்டுவிடலாம். விட முடியாதவர் ஹெக்டர் மக்டொனால்ட்.

1853 இல், அதாவது சுவிஷ்னிஷ் காலியான ஆண்டிலேயே, ரொஸ் பகுதியின் 'பிளாக் ஐல்' என்னுமிடத்தில் ஒரு சிறு குடியானவருக்குப் பிறந்தவர் இவர். தாய்மொழி கெயிலிக். துணிக்கடையில் வேலை பழகியவர், 1870 இல் சாதாரணச் சிப்பாயாகப் படையிற் சேர்ந்தார். ஆப்கானிஸ்தானத்தில் காட்டிய துணிவுக்காக அதிகாரியாக உயர்த்தப்பட்டார். பணமும் குடிப்பிறப்பும் இன்றிச் சிப்பாய் ஒருவன் அதிகாரியாவது அக்காலப் பிரித்தானியப் படையில் அபூர்வம். 1881 இல் மஜூபாவில் போயர்களிடம் சிறைப்பட்டார். 1898 இல் சூடானின் ஒம்துர்மானில் அவரது படைதான் வெற்றியைக் காத்தது என்று ஏடுகள் புகழ்ந்தன. அந்த வெற்றியின் மறுபக்கம், ஒரே காலைப்பொழுதில் இயந்திரத் துப்பாக்கிகளுக்கு இரையான பல்லாயிரம் சூடானியர். நிலம் பறிக்கப்பட்டவனின் மகன் பிறர் நிலத்தைப் பறிக்கும் படையின் தளபதியாகிறான். ஏகாதிபத்தியம் தன் வீட்டு ஏழைக்கு வழங்கிய ஏணி இது ஒன்றுதான்.

1902 இல் இலங்கைப் படைகளின் தளபதியாக அவர் வந்தார். கொஸ்லந்தவுக்கு மேலே, மலையின் மறுபுறத்தில், தியத்தலாவையில் சுமார் 5,000 போயர் கைதிகளுக்காக 1900 இல் திறந்த முகாம் இருந்தது. ஒரு காலத்தில் போயரின் கைதியாயிருந்தவர், போயர் கைதிகளைக் காத்த தீவின் தளபதி! ஆயினும் அவருக்குப் பகை போயர்களிடமிருந்து வரவில்லை. தோட்டத் துரைமாரும் உத்தியோகத்தரும் கூடும் மேட்டுக்குடி வட்டத்தில் இந்தக் குடியானவன் மகன் ஒட்டவில்லை. தன்பாலுறவுக் குற்றம் அவர்மீது சாட்டப்பட்டது. இராணுவ நீதிமன்றத்தைச் சந்திக்கப் பணிக்கப்பட்ட அவர், 1903 மார்ச் 25 அன்று பாரிஸ் விடுதியொன்றில் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டு இறந்தார். விசாரணை நடக்கவேயில்லை. அவர் வீழ்ச்சியில் துரைமாரின் வர்க்கச் செருக்கிற்கும் பங்குண்டு என்று ஆய்வாளர் சிலர் கருதுவர். அதை நாம் மறுப்பதற்கில்லை. அன்பு எவ்வழியில் சென்றாலும் அது குற்றமன்று என்பதைச் சொல்லவும் நாம் தயங்க வேண்டியதில்லை.

மூன்றாமவர் இன்னும் நெருக்கமானவர். ராம்சே மக்டொனால்ட். 1866 இல் லொசிமவுத்தில் பணிப்பெண் ஒருத்திக்கும் பண்ணையாள் ஒருவருக்கும் திருமணமின்றிப் பிறந்தவர். அந்தப் பண்ணையாளும் ஹெக்டர் பிறந்த அதே பிளாக் ஐல் பகுதியினரே. தொழிற்கட்சியின் முதற் பிரதமர் ராம்சே. ஏழையின் மகன் ஆட்சிக்கு வந்தால் ஏழைக்கு விடியும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. 1928 இல் வெளிவந்த டொனமூர் அறிக்கை, இலங்கையர் எல்லார்க்கும் வாக்குரிமை, ஐந்தாண்டு வாசம் போதும் என்று பரிந்துரைத்தது. சிங்களத் தலைவர்கள் பலர் இந்தியத் தொழிலாளருக்கு வாக்கா என்று வெகுண்டனர். ஆளுநர் ஸ்டான்லி திருத்தம் எழுதினார். ராம்சேயின் அமைச்சரவையில் குடியேற்ற நாட்டு அமைச்சராயிருந்த பாஸ்பீல்ட் பிரபு (பேபியன் அறிஞர் சிட்னி வெப்தான் இவர்) அதை ஏற்றார். நிரந்தரக் குடியுரித்தை நிரூபிக்க வேண்டும். அல்லது இந்தியருக்குரிய தனிப் பாதுகாப்பைக் கைவிடுவதாக எழுதிக் கொடுத்து நிரந்தரவாசச் சான்றிதழ் பெற வேண்டும். 1931 இல் ஆசியாவிலேயே முன்னோடியாகச் சர்வசன வாக்குரிமை வந்தது என்று இலங்கை பெருமை கொள்கிறது. நியாயமான பெருமையே. ஆனால் அந்த ஆண்டு பதிவான இந்திய வம்சாவளி வாக்காளர் சுமார் ஒரு லட்சம் பேர் மட்டுமே. பல லட்சம் பேர் வெளியே நின்றனர். வாக்குரிமையின் கதவிலேயே ஒரு பத்திரத்தைக் கேட்கும் வழக்கம் அன்று தொடங்கியது. அதே 1931 இல் ராம்சே தம் கட்சியைவிட்டுப் பழைமைவாதிகளுடன் கூட்டரசாங்கம் அமைத்தார். தொழிற்கட்சி அவரை விலக்கியது.

அவர் மகன் மல்கம் மக்டொனால்ட் 1938 முதல் 1940 மே வரை குடியேற்ற நாட்டு அமைச்சர். அக்காலத்தில்தான் இலங்கை அரசு நாட்கூலி இந்தியரை வேலைநீக்கம் செய்தது. 1939 ஆகஸ்டில் இந்தியா தொழிலாளர் வருகையைத் தடை செய்தது. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் குண்டுக்கு இரையானார். கிளர்ச்சி ஊவாவுக்குப் பரவியது. பதுளைக்கு அருகிலுள்ள வெவெஸ்ஸத் தோட்டத்துத் தொழிலாளர் தாமே தேர்ந்தெடுத்த சபை ஒன்றை அமைத்தனர். அச்சபையைக் கலந்து நிருவாகம் நடத்தத் துரை இணங்க வேண்டியதாயிற்று. ஒழுங்கை நிலைநாட்ட வந்த ஆயுதப் பொலிசாரின் ஆயுதங்களைத் தொழிலாளர் பறித்தனர். 1940 மே 12 அன்று தடையை மீறிப் பதுளையில் கூட்டம் கூடியது. சமசமாஜத் தலைவர் என். எம். பெரேரா பேசினார். பிறேஸ் கிராமத்துப் பெண்கள் கல்லெடுத்த நிகழ்ச்சிக்கும் இதற்கும் இடையே கடல்கள் கிடக்கலாம்; ஆயினும் இரண்டும் ஒரே வகையைச் சேர்ந்தவை. ஒன்றுதான் வேறுபாடு. அங்கே நாலாண்டில் சட்டம் வந்தது. இங்கே வெள்ளமும் பொலிஸ் அடக்குமுறையும் வந்தன. ஜூனில் தலைவர்கள் சிறைக்குச் சென்றனர்.

பின்னர் வந்தது நாம் அறிந்ததே. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசு ஏழு இடங்களை வென்றது. 1948 இன் 18 ஆம் இலக்கச் சட்டம் குடியுரிமையைப் பறித்தது. அடுத்த ஆண்டு வாக்கும் போயிற்று. இந்த முறை சட்டம் எழுதியவர் எவரும் மக்டொனால்ட் அல்லர். 1949 இன் மற்றொரு சட்டத்தின்கீழ்ச் சுமார் 8 லட்சத்து 25 ஆயிரம் பேருக்காக விண்ணப்பங்கள் சென்றன. குடியுரிமை பெற்றோர் சுமார் 1 லட்சத்து 34 ஆயிரம். தமிழனுக்குக் குலப்பெயர் கிடையாது. தந்தை பெயர்தான் அடையாளம். செக்ரோலில் ஒரு விதமாகவும் பிறப்புப் பதிவில் வேறு விதமாகவும் எழுத்தர் கைக்கு வந்தபடி எழுதப்பட்ட பெயரைக் கொண்டு, தான் தானே என்று நிரூபிக்கும்படி தொழிலாளியைக் கேட்டார்கள். 1964 ஒப்பந்தத்தில் 5 லட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு என்று மனிதர் எண்ணிப் பங்கிடப்பட்டனர். எஞ்சியோர்க்கும் குடியுரிமை என்று சட்டம் முடிவு கூறியது 2003 இல்.

குடியுரிமை வந்தது, நிலம் வரவில்லை. கொஸ்லந்தவை அடுத்த மீரியபெத்தையில் 2014 அக்டோபர் 29 காலை மலை சரிந்து லயங்களின்மேல் விழுந்தது. பள்ளிக்கும் வேலைக்கும் சென்றிருந்தவர் உயிர் தப்பினர். வீட்டிலிருந்தோர் பலர் மண்ணுக்குள் போயினர். அவ்விடம் வாழத் தகுந்ததன்று என 2005 இலும் 2011 இலும் ஆய்வாளர் எச்சரித்திருந்தனர். எங்கே போவது? போவதற்குத் தொழிலாளிக்குச் சொந்தமாக ஓர் அடி மண் இருந்ததில்லை. அதன்பின் மலையகத்துக்கு வகுக்கப்பட்ட வீட்டுத் திட்டம் குடும்பமொன்றுக்கு 7 பேர்ச் நிலம் என்று அளவிட்டது. ஓர் ஏக்கருக்கு 160 பேர்ச்.