தவிர்த்த சுங்கமும் தடையற்ற வணிகமும்

சோழர்களின் பட்டப்பெயர்களில் ‘கொண்ட’ என்ற சொல்லுக்குக் குறைவே இல்லை. முதலாம் பராந்தகன் மதுரை கொண்டான். ஆதித்த கரிகாலன் வீரபாண்டியன் தலை கொண்டான். முதலாம் இராசேந்திரன் கங்கையும் கடாரமும் கொண்டான். 1070இல் பட்டத்துக்கு வந்த முதலாம் குலோத்துங்கனுக்கோ ஒன்றை விட்டுக்கொடுத்ததற்காகப் பெயர் நிலைத்தது: சுங்கம் தவிர்த்த சோழன். இன்று ‘தடையற்ற வணிகம்’ என்று செய்தித்தாள்கள் எழுதுவதற்குத் தமிழில் இதைவிடப் பழைய முன்னோடியைத் தேடுவது கடினம்.

சுங்கம் வடமொழிச் ‘சுல்க’த்திலிருந்து வந்தது. பாலியிலும் பிராகிருதத்திலும் அது ‘சுங்க’ ஆகி, அங்கிருந்து தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் குடியேறியது. தமிழுக்கு அது அதற்கும் முன்பே ஒருமுறை வந்துவிட்டது என்பது மொழியியலார் கருத்து. அப்போது முதல் மெய்யொலி உதிர்ந்து ‘உல்கு’ ஆயிற்று. சமணர், அமணர் என்று ஒரே சொல் இரு வடிவில் வழங்கவில்லையா, அதுபோலத்தான். அரசனுக்குரிய வருவாய்களைத் திருக்குறளின் 756ஆம் பாடல் அடுக்கும்போது இந்த உல்கையும் சேர்த்துக்கொள்கிறது.

சங்கப் பாட்டில் உல்கு இரண்டு இடங்களில் கண்முன் வருகிறது. பெரும்பாணாற்றுப்படையில் மிளகு மூட்டை சுமந்த கழுதைச் சாத்து போகும் பெருவழியில் உல்கு உண்டு. வழி பிரியும் இடங்களை வில் வீரர்கள் காக்கிறார்கள். பட்டினப்பாலையில் புகார்த் துறைமுகம். கடலிலிருந்து கரைக்கும் கரையிலிருந்து கடலுக்கும் போகும் பொதிகளுக்கு உல்கு வாங்கி, புலிச் சின்னம் பொறித்து வெளியே விடுகிறார்கள். இரண்டிலும் வாங்குவதற்கு ஈடாக ஏதோ ஒன்று கொடுக்கப்படுகிறது. வழியில் காவல்; துறையில் ‘இந்தச் சரக்கு முறையாக வந்தது’ என்பதற்கு அரச முத்திரை.

இந்தப் பேரம் எவ்வளவு முக்கியமானது என்பதை ஆந்திரக் கடற்கரையிலுள்ள மோட்டுப்பல்லித் தூண் சொல்லும். காகதீய மன்னன் கணபதிதேவன் 1244-45இல் நாட்டிய அபய சாசனம் அது. புயலில் சிக்கிக் கரை ஒதுங்கிய மரக்கலங்களின் சரக்கை முன்னிருந்த அரசர்கள் மொத்தமாகப் பறித்துக்கொண்டார்கள். இனி அப்படி நடக்காது, வரையறுத்த சுல்கத்தை மட்டுமே வாங்குவோம் என்கிறது சாசனம். ஏற்றுமதி இறக்குமதிக்கு முப்பதில் ஒரு பங்கு என்று விகிதமும் வெட்டியிருக்கிறது. கடல் வணிகனுக்குச் சுங்கம் இருப்பதைவிடப் பெரிய அச்சம், எவ்வளவு என்று தெரியாமல் இருப்பது.

சுங்கத்துக்கு இன்னொரு பெயர் ஆயம். அது கிறித்தவத் தமிழில் அழுத்தமாகப் பதிந்துவிட்டது. பழைய விவிலிய மொழிபெயர்ப்பில் மத்தேயு உட்கார்ந்திருந்தது ஆயத்துறையில். ஊரார் வெறுத்த ஆள் ஆயக்காரன். சுங்கக்காரனிடம் சுகதுக்கம் சொல்லி அழுததுபோல என்று தெலுங்கில் ஒரு பழமொழி உண்டு. வாங்குகிறவன் கல்நெஞ்சன் என்பதில் கலிலேயாவும் ஆந்திரமும் ஒத்துப்போகின்றன.

சுங்கத்தைத் தவிர்ப்பது நல்லது என்றால், யாருக்குத் தவிர்ப்பது? இந்தக் கேள்விக்காகவே வங்காளத்தில் ஒரு போர் நடந்தது. 1717இல் முகலாயப் பேரரசர் பரூக்சியர் கொடுத்த பர்மான், ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சுங்கமில்லா வணிக உரிமை தந்தது. அதற்கான அனுமதிச் சீட்டு தஸ்தக். கம்பெனியின் ஊழியர்கள் அந்தச் சீட்டைக் காட்டித் தங்கள் சொந்த வியாபாரத்தையும் நடத்தினார்கள். உப்பும் பாக்கும் புகையிலையும் சுங்கம் கட்டாமல் ஊருக்குள் போயின. உள்ளூர் வணிகன் மட்டும் சாவடிதோறும் கட்டினான். 1763இல் நவாப் மீர் காசிம், எல்லா வணிகருக்குமே சுங்கத்தை எடுத்துவிட்டார். உண்மையான தடையற்ற வணிகம் அதுதான். கல்கத்தாவின் கம்பெனிக் கவுன்சில் பெரும்பான்மை கொதித்தெழுந்தது. சண்டை மூண்டு, 1764இல் பக்சாரில் முடிந்தது. கம்பெனிக்கு வேண்டியிருந்தது சுங்கமில்லாத நாடு அல்ல, தனக்கு மட்டும் சுங்கமில்லாத நாடு.

நாடே தன் கைக்கு வந்தபின், உள்நாட்டுச் சுங்கச் சாவடிகளைக் கம்பெனியே ஒவ்வொன்றாக எடுத்தது. வங்காளத்தில் 1836, பம்பாயில் 1838, சென்னை மாகாணத்தில் 1844. சரக்கு வண்டிக்கு இது பெரிய விடுதலைதான். அந்தத் திறந்த வழியில் இங்கிலாந்தின் லங்காஷயர் துணியும் தடையின்றி உள்ளூர்ச் சந்தைக்குப் போனது. 1882இல் இறக்குமதித் தீர்வைகள் அநேகமாக எல்லாமே நீக்கப்பட்டன. வருவாய் போதாமல் துணிக்கு மறுபடி தீர்வை போட நேர்ந்தபோது லங்காஷயர் ஆலைகள் எதிர்த்தன. விளைவு விசித்திரமானது: 1896இல் வெளித்துணிக்கு 3.5 சதவீதத் தீர்வை. இந்திய ஆலைத் துணிக்கும் அதே 3.5 சதவீத உற்பத்தி வரி. சொந்த ஊரில் நெய்ததற்கும் வரி கட்டினால்தான் வணிகம் தடையற்றது ஆகும் என்பது அன்றைய நியாயம்.

இன்றைய சொற்களைப் பார்ப்போம். தமிழ்நாட்டு நாளிதழ்களில் ‘தடையற்ற வர்த்தக ஒப்பந்தம்’. இலங்கையில் ‘சுதந்திர வர்த்தக உடன்படிக்கை’, கட்டுநாயக்காவில் 1978 முதல் ‘சுதந்திர வர்த்தக வலயம்’. சுங்கம் என்ற சொல்லோ இதற்கிடையில் வேறு வேலை தேடிக்கொண்டது. 2017 ஜூலையில் சரக்கு, சேவை வரி வந்ததும் மாநில எல்லைகளின் வணிகவரிச் சோதனைச்சாவடிகள் மூடப்பட்டன. ஆனால் நெடுஞ்சாலைகளில் சுங்கச்சாவடிகள் நிற்கின்றன. அங்கே சரக்குக்கு வரி இல்லை. சாலையில் ஓடும் வண்டிக்குக் கட்டணம். பெரும்பாணாற்றுப்படையின் பெருவழியில் இருந்த உல்குக்கு இது துறைமுகச் சுங்கத்தைவிட நெருங்கிய உறவு.

‘தவிர்த்த’ என்ற சொல்லுக்கு ஓர் எழுவாய் வேண்டும்; யார் தவிர்த்தது என்ற கேள்வி அதிலேயே இருக்கிறது. ‘தடையற்ற’ என்பதற்கு அப்படி யாரும் தேவையில்லை. மழை பெய்ததுபோலத் தானாக நடந்ததாகத் தோன்றும். 1998இல் கையெழுத்தாகி 2000இல் நடைமுறைக்கு வந்த இந்திய–இலங்கைத் தடையற்ற வர்த்தக ஒப்பந்தத்தைப் படித்தால் அந்த மயக்கம் தெளிந்துவிடும். அதன் இணைப்புகளில் இரு நாடுகளுக்கும் விலக்குப் பட்டியல்கள் உண்டு. இலங்கைத் தேயிலை ஆண்டுக்கு 1.5 கோடி கிலோ வரை சலுகைத் தீர்வையில் இந்தியாவுக்குள் வரலாம். அதற்கு மேல் வந்தால் வழக்கமான தீர்வை. நீலகிரியில் தேயிலை விளைவிப்பவரையும் நுவரெலியாவில் விளைவிப்பவரையும் எண்ணிப் பார்த்து யாரோ எழுதிய வரம்பு அது. எந்தச் சரக்குக்கு, யாருக்கு, எவ்வளவு என்று பேரம் பேசி முடித்த விவரங்களெல்லாம் இந்த இணைப்புகளில்தான் இருக்கின்றன. ஒப்பந்தத்தின் பெயரைவிட அவற்றைத்தான் முதலில் படிக்க வேண்டும்.