நியும்பானி: மருந்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போராடிய இல்லம்

கென்யத் தலைநகர் நைரோபியின் தென்மேற்கே, காரென் என்னும் பகுதியில் 'நியும்பானி' குழந்தைகள் இல்லம் உள்ளது. சுவாகிலி மொழியில் இச்சொல்லுக்கு 'வீட்டில்' என்று பொருள். எச்.ஐ.வி. கிருமியோடு பிறந்து, பெற்றோரை இழந்த அல்லது கைவிடப்பட்ட குழந்தைகளுக்காக 1992-ஆம் ஆண்டு இது தொடங்கப்பட்டது. முதலில் வந்தவர்கள் மூன்று குழந்தைகள். ஆப்பிரிக்காவில் திருஅவை நடத்தும் அநாதை இல்லங்கள் ஏராளம். அவற்றுள் இதைத் தனித்துச் சொல்லக் காரணம் உண்டு. உணவும் படுக்கையும் கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று இவ்வில்லத்தார் இருந்துவிடவில்லை. பிள்ளைகளுக்கு மறுக்கப்பட்டவற்றைக் கேட்டு வீதிக்கு வந்தார்கள், நீதிமன்றத்துக்கும் போனார்கள்.

இதை நிறுவிய அருட்தந்தை ஆஞ்சலோ டகோஸ்டினோ 1926-இல் அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரில் பிறந்தவர். அமெரிக்க விமானப்படையில் அறுவை மருத்துவராகப் பணியாற்றிய பின் இயேசு சபையில் சேர்ந்து, குருவாகவும் மனநல மருத்துவராகவும் ஆனவர். அகதிகள் பணிக்காக ஆப்பிரிக்காவுக்கு வந்தார். நைரோபியில் வேறொரு குழந்தைகள் இல்லத்தின் நிர்வாகக் குழுவில் இருந்தபோது ஒரு வழக்கம் அவரை உறுத்தியது. தெருவிலும் மருத்துவமனையிலும் விடப்பட்ட குழந்தைகளின் இரத்தத்தைச் சோதிப்பார்கள், எச்.ஐ.வி. உண்டென்று தெரிந்தால் சேர்க்க மாட்டார்கள். இவர் எவ்வளவோ எடுத்துச் சொல்லியும் குழு இசையவில்லை. அயர்லாந்தைச் சேர்ந்த லொரேட்டோ சபை அருட்சகோதரி மேரி ஓவன்ஸ் அவர்களோடு சேர்ந்து தாமே ஓர் இல்லத்தைத் தொடங்கினார்.

இங்கே ஒரு மருத்துவ உண்மையைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பிறந்த குழந்தையின் இரத்தத்தில் தாயின் எதிர்ப்புப் பொருள்கள் ஒன்றரை வயதுவரைகூட இருக்கலாம். அதனால் சாதாரணச் சோதனையில், கிருமியே இல்லாத குழந்தைக்கும் 'உண்டு' என்று முடிவு வரும். சிகிச்சை எதுவும் இல்லாத நிலையிலும் தாயிடமிருந்து நோய் தொற்றுவது நூற்றில் 15 முதல் 45 குழந்தைகளுக்குத்தான். ஆக, அன்று வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் நோயற்றவர்கள்! நியும்பானியில் சத்துணவோடு வளர்ந்து, ஒன்றரை வயதுக்குப்பின் நோய் இல்லை என்று தெளிவான பல குழந்தைகள் தத்தெடுக்கப்பட்டு வீடுகளுக்குப் போனார்கள்.

உண்மையிலேயே கிருமி இருந்தவர்களின் கதை வேறு. இல்லத்தின் வளாகத்திலேயே ஒரு சிறு கல்லறைத் தோட்டம் உண்டு. தொடக்க ஆண்டுகளில் அது வேகமாக நிறைந்தது. மருந்து கண்டுபிடிக்கப்படாமல் இல்லை, விலைதான் எட்டவில்லை. 2000-ஆம் ஆண்டு வாக்கில் மூன்று மருந்துகள் கொண்ட கூட்டுச் சிகிச்சைக்கு ஒருவருக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் ஆனது. 2001 பிப்ரவரியில் நமது மும்பையைச் சேர்ந்த சிப்லா நிறுவனம் அதே சிகிச்சையை எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு ஆண்டுக்கு 350 டாலருக்குத் தர முன்வந்தது. காப்புரிமைச் சட்டம் குறுக்கே நின்றபோதும், இந்திய மருந்துகளை வரவழைக்கப் போவதாகத் தந்தை டகோஸ்டினோ வெளிப்படையாக அறிவித்தார். அவ்வாண்டிலேயே கென்யப் பாராளுமன்றம் மலிவு விலை மருந்துகளுக்கு வழிவிடும் தொழிற்சொத்துச் சட்டத்தை நிறைவேற்றியது. பல அமைப்புகள் சேர்ந்து போராடியதன் பலன் அது. அந்தக் கூட்டத்தில் ஓர் அநாதை இல்லத்தின் குரலும் இருந்தது. மருந்து நிறுவனங்களைப் பற்றி அவர் பேசிய பேச்சு மென்மையானதல்ல. ஒரு குரு இவ்வளவு கடுமையாகப் பேசலாமா என்று முகம் சுளித்தவர்களும் இருந்திருப்பார்கள். அத்தனை சிறு சவப்பெட்டிகளை மந்திரித்தவருக்கு அந்தக் கோபம் அதிகமில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

மருந்து வந்தது, பிள்ளைகள் பிழைத்தார்கள். பிழைத்த பிள்ளை பள்ளிக்குப் போக வேண்டுமல்லவா? 2003 ஜனவரியில் கென்ய அரசு தொடக்கக் கல்வியை இலவசமாக்கியது. நாடு முழுவதும் இலட்சக்கணக்கான சிறுவர்கள் வகுப்பறைகளில் வந்து குவிந்தார்கள். நியும்பானிப் பிள்ளைகளுக்கு மட்டும் அருகிலிருந்த அரசுப் பள்ளிகளில் இடமில்லை என்று சொல்லப்பட்டது. எந்த இல்லத்துப் பிள்ளைகள் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. குழந்தைகளைப் பாகுபடுத்தக் கூடாது என்று 2001-ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டம் ஏற்கெனவே கூறியிருந்தது. அதைக் காட்டி இல்லத்தார் உயர் நீதிமன்றத்தை நாடினர். எழுபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் பொருட்டு நடந்த அந்த வழக்கில், 2004 ஜனவரியில் அரசுத் தரப்பு இறங்கி வந்தது, பிள்ளைகள் சேர்த்துக்கொள்ளப்பட்டார்கள்.

இல்லத்துக்குள் வைத்து வளர்ப்பது எல்லாக் குழந்தைகளுக்கும் ஏற்றதல்ல என்பதையும் அவர்கள் விரைவிலேயே கண்டார்கள். 'லேயா தோத்தோ' என்ற திட்டம் நைரோபியின் குடிசைப் பகுதிகளுக்கே சென்று, உறவினரோடு வாழும் பிள்ளைகளுக்கு மருந்தும் துணையும் தந்தது. பின்னர், வறண்ட கிட்டுயி மாவட்டத்தில் ஆயிரம் ஏக்கர் நிலத்தில் ஒரு கிராமமே எழுந்தது. எய்ட்ஸ் நோய் நடுத்தலைமுறையைக் கொண்டுபோய்விட்டது; எஞ்சியவர்கள் பிள்ளைகளை இழந்த பாட்டிகளும் பெற்றோரை இழந்த பேரக்குழந்தைகளும். ஒரு பாட்டிக்குப் பத்துப் பிள்ளைகள் என்ற கணக்கில் அவர்களை ஒரே கூரையின்கீழ்ச் சேர்த்தார்கள். அந்த வீட்டில் சொந்தப் பேரனும் இருப்பான், யாரோ பெற்ற பிள்ளையும் இருப்பான். கிராமத்துக்குள்ளேயே தொடக்கப்பள்ளி, உயர்நிலைப்பள்ளி, தொழிற்பயிற்சிக் கூடம் மூன்றும் உண்டு. இந்தக் கிராமம் உருவெடுத்துவந்த 2006 நவம்பரில் தந்தை டகோஸ்டினோ இறைவனடி சேர்ந்தார். சகோதரி மேரி ஓவன்ஸ் பொறுப்பை ஏற்று நடத்தினார்.

அமெரிக்கா, இத்தாலி, இங்கிலாந்து முதலிய நாடுகளின் நண்பர் குழுக்களும் அமெரிக்க அரசின் எய்ட்ஸ் நிதியும் இப்பணிக்குக் கைகொடுத்தன. வெளிநாட்டு உதவியைப் பலர் கட்டடமாகவே கற்பனை செய்கிறோம். திறப்பு விழாவும் கல்வெட்டும் இருந்தால் கொடுத்தவருக்கும் திருப்தி. இங்கே தேவைப்பட்டதோ, ஒரு நாளும் தவறாமல் வாழ்நாள் முழுவதும் விழுங்க வேண்டிய மாத்திரை. இடையில் நின்றால் கிருமி மீண்டும் பெருகும். 2025 ஜனவரியில் அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவிகளை நிறுத்திவைத்தபோது, கென்யாவில் இத்தகைய இல்லங்களின் கவலை எல்லாம் கையிருப்பு மாத்திரை இன்னும் எத்தனை மாதத்துக்கு வரும் என்பதுதான்.