கருங்காய்ச்சற் கிருமியும் அதன் கவசமும்

வெண்குருதிக் கலங்கள் நோய்க்கிருமிகளை விழுங்கி அழிக்கின்றன என்னும் கொள்கையை 1883 ஆம் ஆண்டில் மெச்னிக்கோவ் வெளியிட்டார். விழுங்கியபின் எவ்வாறு அழிக்கின்றன என்பது நெடுங்காலம் புலப்படவில்லை. கிருமியை விழுங்கும் வேளையில் இக்கலங்கள் வழக்கத்தினும் மிகுதியாக ஒட்சிசனை உட்கொள்வது 1933 இல் அறியப்பட்டது. அவ்வொட்சிசன் படைக்கலம் வடிப்பதற்கே செலவாகிறதென்பது பின்னரே தெளிவாயிற்று. சூப்பரொட்சைட்டு, ஐதரசன் பேரொட்சைட்டு ஆகிய தாக்குதிறன் மிக்க மூலக்கூறுகளை ஆக்கிக் கிருமிமீது சொரிகிறது கலம். நைத்திரிக் ஒட்சைட்டையும் அதனோடு சேர்க்கிறது.

ஆயினும், தன்னை விழுங்கிய கலத்தையே இல்லமாக்கிக்கொள்ளும் கிருமியும் உண்டு. காலா அசார் எனப்படும் கருங்காய்ச்சலை விளைப்பது அது. தும்தும் முகாமிற் காய்ச்சலுற்று இறந்த போர்வீரன் ஒருவனின் மண்ணீரலில் லீஷ்மன் கண்டதை அவர் 1903 இல் வெளியிட்டார். அதே ஆண்டிற் சென்னைப் பொது வைத்தியசாலையில் டொனவனும் அதனைக் கண்டார். முந்தியவர் யார் என்ற பிணக்கை, இருவர் பெயரையும் இணைத்து 'லீஷ்மேனியா டொனவனி' எனப் பெயரிட்டு ரொனால்ட் றொஸ் தீர்த்தார். இப்பெயர்ப் பிணக்குப் பெற்ற கவனத்தில் ஒரு பங்கையேனும், நோயைத் தணித்த வங்காளியார் பெற்றாரல்லர் என்பது என் கருத்து.

அவர் உபேந்திரநாத் பிரமச்சாரி. கல்கத்தாவிலே கெம்பெல் வைத்தியசாலையின் சிற்றறை ஒன்றில், மண்ணெண்ணெய் விளக்கொளியில் உழைத்து, 1920 ஆம் ஆண்டளவில் யூரியா ஸ்டிபமைன் என்னும் அந்திமனிச் சேர்வையை ஆக்கினார். மருந்தின்றேல் பெரும்பாலும் மரணத்தில் முடிந்த நோயிலிருந்து பல்லாயிரவர் அதனாற் பிழைத்தனர்.

அம்மருந்து எங்கே தாக்கியது என்பதை அவர் காலத்து வேதியியல் அறிந்திருக்கவில்லை. இக்கிருமியின் மேற்பூச்சு, கலம் சூப்பரொட்சைட்டை ஆக்குவதைத் தடை செய்கிறது. அதையும் மீறி வரும் மூலக்கூறுகளைத் திரிப்பனோதயோன் என்னும் கந்தகப் பொருள் செயலிழக்கச் செய்கிறது. 1985 இல் இனங்காணப்பட்ட இப்பொருள் மனித உடலில் இல்லை. மருந்திலுள்ள அந்திமனி மூவலுவுள்ளதாக மாறி, இக்கந்தகக் காப்பையே குலைக்கிறது. கவசம் இழந்த கிருமியைக் கலத்தின் படைக்கலங்கள் எளிதில் வீழ்த்துகின்றன. மருந்தும் உடலும் ஒரே இலக்கில் எய்தன எனலாம்.

கிருமியும் வாளாவிருக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் வடபீகாரில் அந்திமனி மருந்துகள் பலரிடத்துப் பயனற்றன. அவ்வாறு எதிர்த்து நின்ற கிருமிகள் சிலவற்றில் திரிப்பனோதயோன் மிகுந்திருந்தது. 1990களின் தொடக்கத்திலிருந்து இலங்கையிலும் இக்கிருமியினால் உள்ளூரிலேயே நோயுற்றோர் காணப்படுகின்றனர். வங்கத்தில் மண்ணீரலையும் ஈரலையும் பற்றிய அதே இனம், இங்கே பெரும்பாலும் தோற்புண்ணோடு நின்றுவிடுகிறது. இங்குள்ள வகையிடத்து அமைந்த சிறு வேறுபாடுகளில் இதற்குரிய காரணத்தை ஆய்வாளர் தேடி வருகின்றனர்.