மணலை வென்ற சக்கரங்கள்

கடற்கரையில் நடந்து பழகியோர் யாவரும் ஓர் உண்மையை அறிவர். கரையின் மேற்பகுதியிலுள்ள உலர்ந்த மணலில் கால் புதையும். அலை வந்து மீளும் ஈர மணலில் கால் உறுதியாக ஊன்றும். அதற்கும் அப்பால், நீர் நிரம்பித் தேங்கி நிற்குமிடத்தில், மணல் மீண்டும் இளகிக் காலை உள்ளே வாங்கும். மணல் ஒன்றே, நீரின் அளவுக்கேற்ப அது மூன்று குணங்களைக் காட்டுகின்றது. மனிதனுடைய காலுக்குச் சிறு இடராகத் தோன்றும் இக்குணம், பாரமேற்றிய வண்டியின் சக்கரத்துக்குப் பெருந்தடையாகிவிடுகின்றது. இத்தடையை மனிதன் வென்ற வரலாற்றில் போர்க்களமும் உண்டு, ஆய்வுகூடமும் உண்டு, அமைதியான கமமும் உண்டு.

மணல் ஏன் வண்டியை விழுங்குகின்றது? உலர்ந்த மணலின் துணிக்கைகள் ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை. மேலிருந்து பாரம் அழுத்தும்பொழுது அவை பக்கங்களுக்கு விலகி வழிவிடுகின்றன. சிறிதளவு நீர் சேர்ந்தால், அந்நீர் துணிக்கைகளுக்கிடையே மெல்லிய படலமாக நின்று அவற்றைப் பிணைத்து வைக்கும். நீர் மிகுந்தாலோ அப்பிணைப்பு அற்றுப்போகும். ஈர மணலில் பாதம் வைத்தவுடன் அதனைச் சூழ்ந்த இடம் வெளுத்து உலர்வதுபோலத் தோன்றுவதைப் பலரும் கண்டிருப்பர். அழுத்தத்தினால் துணிக்கைகள் அசைந்து, அவற்றின் இடைவெளி பெருகி, மேலிருந்த நீர் உள்ளே இறங்குவதே அதன் காரணம் என்பதை 1885ஆம் ஆண்டில் விளக்கியவர் ஆங்கில விஞ்ஞானி ஒஸ்போர்ன் றெனோல்ட்ஸ் ஆவார்.

பின்சக்கரங்கள் மட்டும் எஞ்சினால் உந்தப்படும் வண்டி மணலில் இறங்கினால் நேர்வது யாது? முன்சக்கரங்கள் மணலைக் குவித்துத் தமக்கு முன்னால் தாமே ஒரு மேட்டை எழுப்பிக்கொள்ளும். பின்சக்கரங்கள் அம்மேட்டுக்கு எதிராக வண்டியைத் தள்ள முயன்று, முடியாமற் சுழன்று, தம் குழியைத் தாமே தோண்டும். நான்கு சக்கரங்களுக்கும் வலுவூட்டப்படுமாயின் நிலைமை வேறு. முன்சக்கரங்கள் மேட்டைத் தள்ளாமல் அதன்மேல் ஏற முனையும். வண்டியின் பாரம் முழுவதும் இழுவைக்குப் பயன்படும். ஆயினும் வலு மட்டும் போதாது. ரயரிலுள்ள காற்றைக் குறைத்தால் அது தட்டையாகி, மணலில் நீண்ட தடத்தைப் பதிக்கும். பாரம் பரந்த இடத்திற் பகிரப்படும். சக்கரம் புதையாமல் மிதந்து செல்லும். 1920களிலும் 1930களிலும் எகிப்தின் மேற்கே விரிந்த பெரும் பாலைவனத்தைச் சாதாரணப் போர்ட் மோட்டார் வண்டிகளிற் கடந்த றால்ப் பாக்னோல்ட் என்னும் பிரித்தானியப் படையதிகாரி கையாண்ட முறைகளுள் இதுவும் ஒன்று. மணலின் இயல்பை ஆராய்ந்து அவர் எழுதிய நூல் 1941ஆம் ஆண்டில் வெளிவந்தது.

பாலைவனத்திற் கற்ற பாடத்தைக் கடற்கரையிலும் கற்கவேண்டிய காலம் விரைவில் வந்தது. அப்பாடத்துக்குக் கொடுத்த விலை மிகப் பெரிது.

1942ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 19ஆந் திகதி, பிரான்சு தேசத்தின் டியெப் துறைமுகத்தின்மீது நேசநாட்டுப் படைகள் கடல்வழியாகத் தாக்குதல் தொடுத்தன. கரையிறங்கியோருட் பெரும்பாலோர் கனடிய வீரர். அக்கரை மென்மணற் கரையன்று. உருண்டு திரண்ட கூழாங்கற்கள் குவிந்து கிடக்கும் கரை. தாங்கிகளின் சங்கிலிப் பட்டைகளுக்குள்ளே கற்கள் புகுந்தன. சில தாங்கிகளின் பட்டைகள் அறுந்தன. சில கற்குவியலிற் சிக்கி நகராது நின்றன. எதிரியின் பீரங்கிகளோ இடைவிடாது முழங்கின. தோல்விக்கு வேறு பல காரணங்களும் இருந்தன என்பது உண்மையே. எனினும், கால் வைக்கும் நிலத்தின் தன்மையை நன்கறியாது படையிறக்குவது எத்துணை ஆபத்தானது என்பதை அன்று உயிரிழந்த 900க்கும் மேற்பட்ட கனடியர் உலகுக்கு உணர்த்திச் சென்றனர்.

இவ்வுண்மையை முன்னரே உணர்ந்திருந்தவர் நைஜல் வில்மொட் என்னும் கடற்படை அதிகாரி. 1941ஆம் ஆண்டில் அவரும் றொஜர் கோட்னி என்பவரும் எதிரியின் காவலிலிருந்த றோட்ஸ் தீவின் கரைக்கு இரவில் நீந்திச் சென்று, ஆழத்தையும் நிலத்தையும் ஆராய்ந்து மீண்டிருந்தனர். அவருடைய முயற்சியினால், கரையாராய்ச்சிக்கெனத் தனிக் குழுக்கள் பயிற்றப்பட்டன. நோர்மண்டிக் கரையில் பெரும் படையை இறக்கத் திட்டமிட்டபொழுது, ஆராய்ச்சியாளர் மனத்தில் ஓர் ஐயம் எழுந்தது. மேலே உறுதியாகத் தோன்றும் அம்மணலின் கீழே, முற்காலச் சதுப்பு நிலத்தின் மக்கிய தாவரப் படிவும் இளங்களியும் ஆங்காங்கே மறைந்து கிடக்கலாம். அவ்வாறாயின் லொறிகளும் தாங்கிகளும் கரையைத் தொட்ட அளவிலேயே புதைந்துபோகும். பளிங்கியல் அறிஞர் ஜே. டி. பேர்னல் முதலியோர் பழைய வரைபடங்களையும் ஆகாயப் படங்களையும் ஆராய்ந்தனர். ஆயினும் ஐயந் தீரவில்லை. மணலையே எடுத்து வந்து பார்ப்பதன்றி வேறு வழியில்லை என்ற முடிவு ஏற்பட்டது.

இங்கிலாந்தின் நோர்போக் பகுதியிலுள்ள பிரான்காஸ்டர்க் கரையில் முதலில் ஒத்திகை நடைபெற்றது. பின்னர் 1943ஆம் ஆண்டின் கடைசி இரவில் மேஜர் லோகன் ஸ்கொட்-போடன், சார்ஜன்ட் புரூஸ் ஒக்டன்-ஸ்மித் என்னும் இருவர், கடுங்குளிர் நீரில் நீந்தி நோர்மண்டிக் கரையை அடைந்தனர். துளையிடும் கருவியால் மணலைத் தோண்டி, ஒவ்வோரிடத்து மண்ணையும் தனித்தனிக் குழாயில் இட்டு, எடுத்த இடத்தையும் குறித்துக்கொண்டனர். காவலர் கண்ணிற் படாமல் கரையில் ஊர்ந்து திரிந்து தம் கடமையை முடித்தனர். கொந்தளித்த அலைகளை எதிர்த்து மீண்டும் நீந்துகையில், பின்னால் வந்த சார்ஜன்ட் உரக்கக் கூவினாராம். தோழருக்கு ஆபத்து நேர்ந்ததோ என்று மேஜர் திகைத்துத் திரும்பினார். சார்ஜன்ட் கூறியதோ புத்தாண்டு வாழ்த்து!

அடுத்த மாதத்தில், 1944 ஜனவரியில், அவ்விருவரும் ஒரு சிறு நீர்மூழ்கிக் கப்பலிற் சென்று, பின்னர் ஓமகா எனப் பெயர்பெற்ற கரையையும் ஆராய்ந்து வந்தனர். அக்கரையில் உயிரிழப்பு மிகுமென்று ஸ்கொட்-போடன் அமெரிக்கத் தளபதி பிராட்லியிடம் எடுத்துரைத்தார். தளபதி அவருடைய தோளிற் கைவைத்து, அதனைத் தாமும் அறிந்திருப்பதாகக் கூறினார். மணலைச் சோதித்த மனிதரின் கூற்று பொய்க்கவில்லை என்பதை ஜூன் மாதம் காட்டியது.

மென்களி உள்ள இடங்களுக்கென ஒரு விந்தையான கருவியும் அமைக்கப்பட்டது. தளபதி பேர்சி ஹோபார்ட்டின் படைப்பிரிவு, தாங்கியொன்றின் முன்னால் பெரிய உருளையைப் பொருத்தி, ஏறத்தாழ 3 மீற்றர் அகலமுள்ள தடித்த துணிப்பாயை அதிற் சுற்றி வைத்தது. தாங்கி நகர நகரப் பாய் விரியும். அதன்மேற் சென்று தாங்கி தன் வழியைத் தானே அமைத்துக்கொள்ளும். பின்வரும் வண்டிகளுக்கும் அது பாதையாகும்.

அமெரிக்காவில் மற்றொரு முயற்சி நடைபெற்றது. ஆறு சக்கரங்களுக்கும் வலுவூட்டப்பெற்ற இராணுவ லொறியொன்றுக்குப் படகின் உடலைப் பொருத்தி, நீரிலும் நிலத்திலும் செல்லும் ஊர்தியை உருவாக்கினர். அதன் தொழிற்சாலைக் குறியீட்டு எழுத்துகள் சேர்ந்து ‘டக்’ என ஒலித்தன. ஆங்கிலத்தில் அது வாத்தைக் குறிக்கும் சொல்லாதலின் பெயரும் பொருத்தமாய் அமைந்தது. இராணுவ அதிகாரிகளுட் பலர் முதலில் இதனை ஏளனமாகவே நோக்கினர். 1942 டிசம்பரில் கேப் கொட் என்னும் கடற்கரையில் இதனைக் காட்சிக்கு வைத்திருந்தபொழுது, கடலோரக் காவற்படையின் படகொன்று புயலில் மணற்றிட்டில் ஏறிச் சிக்கியது. வேறு படகு நெருங்க முடியாத அலைகளுக்கிடையே இவ்வூர்தி மணலிலிருந்து நேரே கடலில் இறங்கிச் சென்று, அதிலிருந்த எழுவரையும் மீட்டு வந்தது. ஏளனம் அன்றோடு ஒழிந்தது.

இவ்வூர்தியின் சிறப்பு மிதத்தல் மட்டுமன்று. சாரதி தன் ஆசனத்தில் இருந்தபடியே, வண்டி ஓடிக்கொண்டிருக்கையில், ரயர்களின் காற்றழுத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் கூடிய பொறியமைப்பு அதில் இருந்தது. கல்வீதியில் சதுர அங்குலத்துக்கு 40 இறாத்தலளவில் இருந்த அழுத்தத்தை, இளமணலில் 10 இறாத்தலளவுக்கு இறக்கிவிடலாம். பாக்னோல்ட் போன்றோர் வண்டியை நிறுத்திக் கையாற் செய்ததை இங்கே யந்திரம் செய்தது. 1944 ஜூன் 6ஆந் திகதி நோர்மண்டிப் படையிறக்கம் நிகழ்ந்தது. அதே மாதம் 19ஆந் திகதி தொடக்கம் 22ஆந் திகதி வரை வீசிய புயல், ஓமகாக் கரையில் அமைக்கப்பட்ட செயற்கைத் துறைமுகத்தை அழித்தபின்னர், படைகளுக்கு வேண்டிய உணவையும் வெடிமருந்தையும் வெறுங்கரை வழியாகவே இறக்க வேண்டியதாயிற்று. கப்பலுக்கும் கரைக்கும் இடையே ஓயாது சென்று வந்து அப்பெரும் பணியில் பங்குகொண்டவை இந்த ‘வாத்து’களே.

இவ்வரலாற்றின் ஒரு கிளை இலங்கைக் கரையையும் தொடுகின்றது. 1944ஆம் ஆண்டில் மவுண்ட்பேட்டன் பிரபு தென்கிழக்காசியத் தலைமைப்பீடத்தைப் பேராதனையில் அமைத்திருந்தார். கரையாராய்ச்சிக் குழுக்களும் அடங்கிய சிறு படைத்தொகுதியொன்று, யாழ்ப்பாணத்தில் ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையிலுள்ள கடற்கோட்டையின் ஒல்லாந்தப் பெயரான ஹம்மன்ஹீல் என்பதையே தன் முகாமுக்கும் சூடி, அப்பகுதியில் நிலைகொண்டது. பர்மியக் கரைகளின் மணலையும் சேற்றையும் இரவில் அளந்து வந்தோருட் பலர் அம்முகாமைச் சேர்ந்தவரே.

போர் ஓய்ந்தது. போருக்கெனப் பிறந்த நான்கு சக்கர வலுவூர்தியாகிய ஜீப், உழவனுடைய கைக்கு வந்தது. இங்கிலாந்தின் றோவர் கம்பெனியில் தலைமைப் பொறியியலாளராக விளங்கிய மொறிஸ் வில்க்ஸ், வேல்ஸ் நாட்டின் ஆங்கிள்சீத் தீவிலிருந்த தம் நிலத்திற் பழைய இராணுவ ஜீப் ஒன்றை வைத்திருந்தார். அது தேய்ந்தபின் அதற்கு ஈடாக வாங்கத்தக்க வண்டி வேறொன்றும் இல்லை என்பதை உணர்ந்தார். 1947ஆம் ஆண்டில் ஒருநாள், அத்தீவின் றெட் வார்வ் குடாக்கரையில், தாம் எண்ணிய வண்டியின் உருவத்தை ஈர மணலிற் கோடிட்டுத் தம் தமையனார் ஸ்பென்சருக்குக் காட்டினார். கம்பெனியை நிருவகித்து வந்த தமையனார் அதற்கு இசைந்தார். உருக்குத் தட்டுப்பாடு நிலவிய காலமாதலின் வண்டியின் உடலை அலுமினியக் கலப்புலோகத்தாற் செய்தனர். 1948ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆந் திகதி, அம்ஸ்ரர்டாம் கண்காட்சியில் ‘லாண்ட் றோவர்’ என்னும் பெயருடன் அது அரங்கேறியது. கமங்களிலும் காடுகளிலும் பாலைவனங்களிலும் அது உழைத்தது. இலங்கையின் தோட்டங்களும் அரசாங்கத் திணைக்களங்களும் அதனை நன்கறியும். அதன் வழிவந்த பழைய வடிவ வண்டிகளின் உற்பத்தி 2016 ஜனவரியில் நிறைவெய்தியபொழுது, 20 இலட்சத்துக்கும் மேற்பட்டவை உருவாகியிருந்தன. அதற்கு ஓராண்டின் முன், 2015 ஜனவரியில், அதே குடாக்கரையில் லாண்ட் றோவர் வண்டிகளைக் கொண்டே அவ்வுருவத்தை மிகப் பெரிதாக மணலில் வரைந்து நினைவு கொண்டாடினர். மொறிஸ் வரைந்த கோடுகளைப்போலவே, அடுத்து வந்த கடலேற்றத்துக்கு அதுவும் உரியதாயிற்று.

இன்று மணலிற் செல்லும் வண்டி அரிய பொருளன்று. அதனாலேயே புதியதொரு பொறுப்பும் எழுந்துள்ளது. ‘வாத்து’ தன் ஆற்றலை நிலைநாட்டிய கேப் கொட் கரை, 1961ஆம் ஆண்டு முதல் அமெரிக்க அரசினாற் பாதுகாக்கப்பட்டு வருகின்றது. அங்கே அநுமதி பெற்றவரே, குறித்த தடங்களில் மட்டும், ரயரின் காற்றைக் குறைத்தபின் வண்டி செலுத்தலாம். உப்புக்கொத்தி இனத்துச் சிறுபறவையொன்று திறந்த மணலில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் காலத்தில், அத்தடங்களும் பகுதி பகுதியாக மூடப்படுகின்றன. மணலின் நிறத்தையே கொண்ட அக்குஞ்சுகள் சக்கரத்தடத்திற் பதுங்கினால் சாரதியின் கண்ணுக்குப் புலப்படா. வேறு பல கரைகளில், முட்டையிலிருந்து வெளிவந்த ஆமைக் குஞ்சுகள் ஆழ்ந்த சக்கரத்தடத்துள் வீழ்ந்து, கடலை அடைய முடியாமல் மடிவதுண்டு. மணலைப் பிடித்து வைத்திருக்கும் கொடிகளும் புற்களும் சக்கரத்தில் நசுங்கி அழிந்தால், காற்று மணல்மேட்டையே கொண்டுபோய்விடும்.

டியெப்பில் மனிதன் கரையை அறியாது சென்று தோற்றான். நோர்மண்டியில், கையளவு மணலுக்காக உயிரைப் பணயம் வைத்த இருவரின் உழைப்பினால், அறிந்து சென்றான். அன்று அந்த அறிவு வீரரின் உயிரைக் காக்கத் தேடப்பட்டது. இன்று மணலையும் அதில் வாழும் உயிர்களையும் காக்கவும் அதே அறிவு வேண்டப்படுகின்றது. சக்கரத்துக்கு வலுவூட்டக் கற்றுக்கொண்ட மனிதன், அதனை எவ்விடத்தில் நிறுத்துவது என்பதையும் கற்றுக்கொள்வானாயின், மணலிடம் அவன் பெற்ற பாடம் நிறைவெய்தும்.