இடுப்பின் அடித்தளம்

உடற்கூற்றியல் வகுப்பில் இதயத்தையோ கையையோ விளக்குவது போல இடுப்புத் தளத்தை எளிதில் விளக்கிவிட முடியாது. எலும்புக் கூட்டுக்குள் அடியாழத்தில் கிடப்பது அது. முன்னே பூப்பெலும்பு, பின்னே வால் எலும்பு, இருபுறமும் நாம் உட்காரும்போது தரையில் அழுந்தும் எலும்பு முனைகள். இவற்றுக்கு நடுவே இருக்கும் பெரிய திறப்பை மெல்லிய தசைகள் சில சேர்ந்து மூடியிருக்கின்றன. அவற்றில் முதன்மையானது லெவேட்டர் ஏனை. சிறுநீர்ப்பை, மலக்குடல், பெண்ணுக்குக் கருப்பை எல்லாம் அதன் மேல்தான் அமர்ந்திருக்கின்றன.

நாலுகால் விலங்குகளில் இந்தத் தசைகளின் வேலை வாலை ஆட்டுவதும் ஒடுக்குவதும்தான். குடலின் பாரத்தை அங்கே வயிற்றுச் சுவர் சுமக்கிறது. வால் மறைந்து, உடலும் நிமிர்ந்தபின் அந்தப் பாரம் இந்தத் தளத்தின் மேல் இறங்கிவிட்டது. ஆகவே இவை பொழுதெல்லாம் ஓரளவு இறுகியே இருக்கின்றன, நாம் தூங்கும்போதும்கூட. இருமல் வருமுன், வயிற்றில் அழுத்தம் ஏறுவதற்கு ஒரு கணம் முன்பே, தாமாகச் சுருங்கித் தயாராகிவிடுகின்றன.

இவற்றுள் பியூபோரெக்டாலிஸ் என்ற இழை தனித்துச் சொல்லத்தக்கது. பூப்பெலும்பில் புறப்பட்டு, மலக்குடலின் பின்புறம் சுற்றி, மறுபடி பூப்பெலும்புக்கே வந்து சேர்கிறது. அது முன்னோக்கி இழுப்பதால் குடல் அந்த இடத்தில் ஏறக்குறைய செங்கோணமாக மடிந்து நிற்கிறது. மலத்தை அடக்கிவைப்பதில் அந்த மடிப்புக்குப் பெரும் பங்குண்டு. குந்தி உட்காரும்போது மடிப்பு விரிந்து பாதை நேராகிறது. நம் பழைய கழிப்பறை முறைக்கு உடற்கூற்றியல் தரும் ஆதரவு இது.

சிறுநீரையும் மலத்தையும் அடக்கும் சுருக்குத் தசைகளுக்கு ஆணையிடும் நரம்பணுக்கள் தண்டுவடத்தின் அடிப்பகுதியில் ஒரு சிறு கூட்டமாக இருக்கின்றன. 1899இல் அதை விவரித்த ஓனுஃப் என்பவரின் பெயராலேயே அது அழைக்கப்படுகிறது. போலியோவும் ஏ.எல்.எஸ். நோயும் கைகால்களை இயக்கும் நரம்பணுக்களை அழிக்கும்போதும் இந்தக் கூட்டத்தைப் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. படுக்கையோடு கிடக்கும் நோயாளிக்கும் அந்தக் கட்டுப்பாடு மட்டும் எஞ்சுவது அதனால்தான்.

பிரசவம் இந்தத் தளத்துக்கு வரும் மிகப் பெரிய சோதனை. குழந்தையின் தலை வெளிவரும்போது தசையின் உள்விளிம்பு மூன்று மடங்குக்கும் மேல் நீள வேண்டியிருக்கும் என்று 2004இல் ஒரு கணினி மாதிரி காட்டியது. அதற்கு முந்தைய ஆண்டு, மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஜான் டிலான்சி குழுவினர் எம்.ஆர்.ஐ. படங்களை ஆராய்ந்தார்கள். பிள்ளை பெறாத 80 பெண்களில் ஒருவருக்கும் லெவேட்டர் தசையில் சிதைவில்லை. ஒரு பிரசவம் கண்ட 160 பேரில் 32 பேருக்கு இருந்தது.

அந்தச் சிதைவின் விளைவு பல ஆண்டுகள் கழித்துத்தான் வெளிப்படலாம். துறையில் கட்டிய படகைத் தண்ணீர் தாங்கும்வரை கயிறு தளர்வாகவே கிடக்கும். தண்ணீர் வற்றினால் பாரம் முழுதும் கயிற்றின் மேல் ஏறும். இங்கே தசைதான் தண்ணீர். கருப்பையைப் பக்கவாட்டில் கட்டியிருக்கும் நார்கள்தான் கயிறு. தசை தளர்ந்தபின் நார்கள் இழுபட்டு நைந்து, ஒரு கட்டத்தில் கருப்பை கீழிறங்குகிறது. "அடி இறங்கிடுச்சு" என்று தாழ்ந்த குரலில் சொல்லும் பாட்டிக்கும், தும்மினால் புடவை நனைந்துவிடும் என்று கல்யாண வீட்டுக்கே போகாமலிருக்கும் அத்தைக்கும் நேர்ந்திருப்பது இதுபோன்ற தளர்ச்சிதான். பிள்ளை பெற்றவளுக்கு இதெல்லாம் சகஜம் என்று சொல்லி அவர்களை அடக்கிவைப்பது அநியாயம். கசிவுக்குப் பயிற்சி உண்டு. இறக்கத்துக்கு, உள்ளே வைத்துத் தாங்கும் பெசரி வளையமும் அறுவை சிகிச்சையும் உண்டு.

அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்ட் கெகல் 1948இல் வெளியிட்ட கட்டுரையில், தசை எவ்வளவு அழுத்துகிறது என்பதை ஒரு கருவியால் அளந்துகொண்டே பயிற்சி செய்யும் முறையை விளக்கினார். பயிற்சி நிலைத்தது, அளந்து பார்க்கும் வழக்கம் பெரும்பாலும் போய்விட்டது. சிறுநீரை அடக்குவது போல உள்நோக்கி மேலே இழுக்க வேண்டும், வயிறும் தொடையும் இறுகக் கூடாது, மூச்சைப் பிடிக்கக் கூடாது. கேட்பதற்கு எளிது. ஆனால் 1991இல் வெளியான ஓர் ஆய்வில் 47 பெண்களுக்கு வாய்மொழியாக இதைச் சொல்லிக்கொடுத்தபோது ஏறத்தாழப் பாதிப் பேரே சரியாகச் செய்தார்கள். கால்வாசிப் பேர் செய்த விதம் கசிவைக் கூட்டக்கூடியதாக இருந்தது. பயிற்சியைத் தொடங்குமுன் பிசியோதெரபிஸ்ட் ஒருவர் ஒரு முறையேனும் சோதித்துப் பார்த்துத் திருத்துவது அவசியமாவது இதனால்தான். பிரசவத்துக்குப் பின் ஆறாம் வாரம் தாய் மறுபரிசோதனைக்கு வரும்போது குழந்தையின் எடையோடு இதையும் பார்த்து அனுப்பலாம்.