காட்டு மரத்துக்குச் சோறு ஊட்டுவது யார்?

நம்ம பக்கம் வர்ற பட்டணத்து நண்பர்கள் தவறாம ஒண்ணு கேட்பாங்க: "வயலுக்கு யூரியா, டி.ஏ.பி.ன்னு மூட்டை மூட்டையா போடுறீங்க. காட்டுக்கு யாருங்க போடுறா?" நியாயமான கேள்வி. அதுக்கு விடை கிடைச்ச வரலாறு சுவையானது. பள்ளிக்கூடத்துல எனக்கு யாரும் சொல்லித் தரல. பின்னாடி தேடிப் படிச்சதுதான்.

வேர் மண்ணுல இருந்து தண்ணியையும் சத்தையும் உறிஞ்சுது, இலையில ஈரம் ஆவியாகப் போக அந்த இழுப்புல தண்ணி மேல ஏறுதுன்னு படிச்சிருப்பீங்க. அது சரிதான். ஆனா பாதிக் கதை.

மீதிக் கதை ஜெர்மனியில தொடங்குது. ட்ரஃபிள்னு ஒரு காளான் உண்டு. மரவேரை ஒட்டி மண்ணுக்கடியில விளையும். விலை ரொம்ப அதிகம். 1880-களில் பிரஷ்ய அரசாங்கம், அதைப் பயிர் பண்ண முடியுமான்னு ஆராயச் சொல்லி ஆல்பர்ட் பெர்ன்ஹார்ட் ஃபிராங்க் என்ற பெர்லின் பேராசிரியர்கிட்ட வேலையைக் கொடுத்தது.

அவர் பீச், ஓக், பைன் வேர்களைத் தோண்டிப் பார்த்தார். நுனி வேர்களைப் பூஞ்சை உறை போட்ட மாதிரி போர்த்தியிருந்தது. நோயா இருந்தா மரம் வாடணும். அந்த மரங்களோ செழிப்பா நின்னுச்சு. 1885-ல் அவர் எழுதினார்: இது நோய் இல்லை, கூட்டு வாழ்க்கை, மரத்துக்குத் தண்ணியும் சத்தும் ஊட்டுற செவிலித்தாய் இந்தப் பூஞ்சை. இந்தக் கூட்டுக்கு 'மைக்கோரைசா'ன்னு பேர் வச்சார். கிரேக்க மொழியில பூஞ்சை வேர்னு பொருள்.

பல அறிஞர்கள் ஏத்துக்கல. அவரும் விடல. காட்டு மண்ணுல ஒரு பங்கைச் சூடாக்கிப் பூஞ்சையைக் கொன்னார்; மறு பங்கை அப்படியே விட்டார். ரெண்டுலயும் பைன் விதை போட்டார். உயிருள்ள மண்ணுல வந்த கன்றுதான் திடமா வளர்ந்தது.

காரணம் எளிது. மணிச்சத்து மண்ணுல லேசுல நகராது. வேர்தான் அதைத் தேடிப் போகணும். வேர் நுழையாத இண்டு இடுக்குல, தலைமுடியை விடப் பல மடங்கு மெல்லிசான பூஞ்சை இழை நுழையும். அது கொண்டு வர்ற சத்துக்குக் கூலியா, இலை சமைச்ச சர்க்கரையில ஒரு பங்கை மரம் கொடுக்குது. நம்ம வேம்பு, புளி, தேக்குலயும் இந்த உறவு உண்டு. அங்கே பூஞ்சை வேருக்குள்ளேயே குடியிருக்கிறதால வெறுங்கண்ணுக்குத் தெரியாது.

போர்ட்டோ ரிக்கோ தீவுல பைன் கன்றுகள் எத்தனை தடவை வச்சாலும் தேறல. 1955-ல் அமெரிக்காவின் வட கரோலினாவில் இருந்து பைன் காட்டு மண் கொண்டு வந்து சேர்த்த பிறகுதான் கன்று தலையெடுத்துச்சு. அங்கே இல்லாம போனது உரம் இல்லை, செவிலித்தாய்.

நமக்கும் ஃபிராங்க் அந்நியர் இல்லை. கடலூர், விழுப்புரம் பக்கம் மணல்ல சவுக்கு செழிக்குதே, அதுக்கு ஒரு காரணம் வேர் முடிச்சுல இருந்து தழைச்சத்து சேர்த்துக் கொடுக்கிற பாக்டீரியா. அந்த இனத்துக்கு அவர் நினைவாத்தான் 'ஃபிராங்கியா'ன்னு பேர்.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்றேன்? இன்னைக்கு ஊரெல்லாம் மரம் நடுறோம். ஜேசிபி வச்சு மேல்மண்ணை வழிச்சுட்டு, அடிமண்ணுல குழி எடுத்து, ரசாயன உரத்தை அள்ளிப் போட்டு, போட்டோ எடுத்துக்கிறோம். மணிச்சத்து உரம் அளவுக்கு மீறினா வேர் பூஞ்சையைச் சேர்த்துக்கிறது குறைஞ்சிடும். சருகையும் பெருக்கி எரிக்கிறோம்.

அடுத்த தடவை கன்று நடும்போது, அதே வகைப் பெரிய மரம் பக்கத்துல இருந்தா, சொந்தக்காரர்கிட்ட கேட்டு அதன் அடியில இருந்து ரெண்டு கை மண் எடுத்துக் குழியில போடுங்க. மேல சருகு மூடட்டும். கன்றைத் தனியா விடாதீங்க.