நாற்பத்தெட்டாண்டு உலாவின் இறுதி அத்தியாயம்

வரலாற்றுப் புதினத் தொடர்களின் கடைசி நூலுக்கு ஒரு தனிச் சங்கடம் உண்டு. முடிவு வாசகர்களுக்கு முன்பே தெரியும்! 'திருவரங்கன் உலா'வைத் தொடர்ந்து 'மதுரா விஜய'த்தை எழுதிய ஸ்ரீவேணுகோபாலனுக்கும் (புஷ்பா தங்கதுரை என்றால் பலருக்கும் புரியும்) இதே நிலைதான். 1323-இல் உலூக்கானின் படைகளுக்கு அஞ்சித் திருவரங்கத்தை விட்டு எழுந்தருளிய அழகிய மணவாளர் 1371-இல் திரும்பினார் என்பதை அறியாதவர் யார்?

ஆனால், அந்த முடிவுக்குக் கல்வெட்டு ஒதுக்கிய இடம் எவ்வளவு தெரியுமா? இரண்டே வடமொழிச் செய்யுட்கள். விஜயநகரத்துக் கோபணார்யர் அரங்கனை அஞ்சனாத்ரியிலிருந்து கொணர்ந்து, செஞ்சியில் சிறிது காலம் வைத்திருந்து, துலுக்கரை வென்றபின் சக ஆண்டு 1293-இல் திருவரங்கத்தில் மீண்டும் எழுந்தருளச் செய்தார் என்று பெரிய கோயிலின் மதிற்சுவர் சுருங்கச் சொல்கிறது. ஜோதிஷ்குடியில் உயிர்நீத்த பிள்ளை உலகாசிரியரைப் பற்றியோ, ஸ்ருதப்ரகாசிகைச் சுவடிகளைக் காத்த வேதாந்த தேசிகரைப் பற்றியோ அதில் ஒரு சொல்லும் இல்லை. அவர்களைக் குருபரம்பரை நூல்களில் தேடவேண்டும். கம்பண உடையாரின் மதுரைப் போருக்கோ, அவர் தேவி கங்காதேவி இயற்றிய காவியம் துணை நிற்கிறது. அதன் பெயரும் மதுரா விஜயமே. 1916-இல் திருவனந்தபுரத்தில் கிடைத்த சுவடி அது.

திருச்சிக்கு வடக்கே, சமயபுரத்தை அடுத்த கண்ணனூரும் இக்கதையில் முக்கியமான இடம். 1342-இல் அக்கோட்டையை முற்றுகையிட்ட போசள மன்னர் மூன்றாம் வல்லாளர் மதுரை சுல்தானிடம் சிக்கிக் கொல்லப்பட்டார். மீட்பு முப்பதாண்டுகள் தள்ளிப்போனதற்கு அத்தோல்வியும் ஒரு காரணம்.

திரும்பியதும் துயர் தீர்ந்ததா? அதுவும் இல்லை. அரங்கத்தில் அதற்குள் வேறொரு திருமேனி வழிபாட்டில் இருந்தது. வந்தவர் பழையவர்தாமா என்ற ஐயம் எழ, கண்ணிழந்த முதிய ஈரங்கொல்லி ஒருவர் திருமஞ்சன ஈரவாடை தீர்த்தத்தைச் சுவைத்து, இவரே நம்பெருமாள் என்று உறுதி கூறியதாகக் கோயில் மரபு சொல்லும். நம்பெருமாள் என்ற திருநாமமே அப்போதுதான் வழங்கலாயிற்று என்பர்.

கல்வெட்டு அரசின் குரல், ஒழுகு கோயிலின் நினைவு, புதினமோ கற்பனை. மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளாமல் படிப்பதே நாம் அரங்கனின் உலாவுக்குச் செய்யும் மரியாதை. புதினத்தை முடித்தவர்கள் ஒருமுறை அந்த மதிற்சுவரின் முன்னும் சென்று நில்லுங்கள். அந்த இரண்டு செய்யுட்களுக்குள் எத்தனை பேர் மௌனமாக நிற்கிறார்கள் என்பது விளங்கும்.